கிணற்று மேட்டில் ஒரு ஜோடி செருப்பு

புதுசாக வேலைக்கு வந்திருக்கிற தம்பிகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எனக்கு எழுத்து வராது. பத்தாவதை இரண்டாவது தடவை எழுதித்தான் பாஸ் பண்ணினேன். தீயணைப்பில் முப்பத்திரண்டு வருசம் இருந்தேன். நெருப்பு, கயிறு, ஏணி எல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். நான் ஜோடியைப் பற்றி ஒரு விசயம் சொல்கிறேன். அதை அங்கே சொல்லியிருக்க மாட்டார்கள்.

உங்களுக்கு முதலில் வரப்போகிற போன் கால் நெருப்பாக இருக்காது. பாம்பாக இருக்கும்.

மதுரைப் பக்கம் எந்த வீட்டில் பாம்பு பிடித்தாலும் ஒரே கேள்விதான் கேட்பார்கள். திருநகரில் ஒரு வீடு. ரிட்டயர்டு வாத்தியார். செருப்பு ஸ்டாண்டுக்குள் நல்ல பாம்பு. பிடித்துச் சாக்கில் போட்டாச்சு. அவர் கதவைத் திறக்க மாட்டேன் என்கிறார். ஜன்னல் வழியாகப் பேசுகிறார்.

"இன்னொண்ணு எங்கய்யா?"

"எது சார்?"

"ஜோடி. ஒண்ணப் புடிச்சா இன்னொண்ணு தேடி வரும்ல. வந்து நம்மளப் பழிவாங்கும்."

"யாரு சார் சொன்னா?"

"ஊருக்கே தெரியும்யா."

"நீங்க என்ன பாடம் எடுத்தீங்க சார்?"

 உள்ளேயிருந்து அவர் வீட்டம்மா சொன்னார்கள். "சயின்ஸ்."

அந்தப் பாம்பை வாங்கிக்கொள்ள வந்த வனக்காவலர் ஒருத்தர் எனக்கு விளக்கிச் சொன்னார். "பாம்புக்குக் குடும்பம் கெடையாதுண்ணே. சேரும், பிரிஞ்சு போயிரும். அம்புட்டுத்தான்." அன்றிலிருந்து நானும் போகிற வீட்டிலெல்லாம் அதையே சொன்னேன். ஜோடியெல்லாம் கிடையாது, போய் வேலையைப் பாருங்கள். அப்படிச் சொன்னால் இன்னொரு அரை மணி நேரம் கட்டிலுக்கு அடியில் தேட வேண்டாம். வாய்க்குப் பழகிவிட்டது. பழகியதுதான் தப்பு.

அப்போது எனக்கு மதுரைக்கு மேற்கே ஒரு ஸ்டேஷனில் வேலை. உசிலம்பட்டிக்கு உள்ளே தள்ளி ஒரு காட்டில் நரி கிணற்றுக்குள் விழுந்துவிட்டது என்று கால். பாழுங்கிணறு. சுற்றுச்சுவர் இல்லை, தண்ணீர் இல்லை. நரி அடியில் ஒரு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. தோட்டத்துக்கார அம்மா ஒருத்தர் மேலே நின்றார்.

"அண்ணே, இதுக்குச் சோடி ஒண்ணு அந்தா ஓடக்கரையில நிக்கிதுண்ணே. மூணு நாளா போக மாட்டேங்கிது."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. "ஜோடியெல்லாம் கெடையாதும்மா" என்றேன்.

"இல்லண்ணே, நிக்கிதுண்ணே. வந்து வந்து எட்டிப் பாக்குது."

"சரிம்மா, தள்ளி நில்லுங்க."

நான்தான் உள்ளே இறங்கினேன். வலையில் நரியைப் போட்டேன். அப்போது இரண்டு விசயம் பார்த்தேன். மூன்று நாள் உள்ளே கிடந்த நரிக்கு வயிறு ஒட்டவே இல்லை. பக்கத்தில் ஒரு வயல் எலி செத்துக் கிடந்தது. புதுசு. ஈ கூட மொய்க்கவில்லை. பார்த்தேன். பார்த்துவிட்டு மேலே ஏறிவிட்டேன். யார் கொண்டுவந்து போட்டது என்று யோசிக்கவில்லை.

ஊர்க்காரர்கள் ஆடு இருக்கிறது, இங்கே விடாதீர்கள் என்றார்கள். எங்கள் ஸ்டேஷன் ஆபீசர் என்னிடம் கேட்டார். "இங்கயே விடுவமா, தூரத்துல விடுவமா?" தூரத்தில் விடலாம் சார் என்றேன் நான். வனத்துறை வண்டியில் கொண்டுபோய் மலையடிவாரத்தில் விட்டார்கள். வேலை முடிந்தது.

ஐந்து நாள் கழித்து அதே கிணறு. அதே அம்மாதான் போன் பண்ணியிருந்தார். மற்ற நரி உள்ளே கிடந்தது. உயிர் இல்லை. உள்சுவரில் பாதி உயரம் வரைக்கும் நகம் பிறாண்டிய தடம். அது தவறி விழுந்ததா, தேடி இறங்கியதா, எனக்குத் தெரியாது. அந்த அம்மா எங்கள் பக்கம் திரும்பாமல் ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

வண்டியில் திரும்பும்போது ஆபீசர் கேட்டார்.

"அன்னைக்கு அந்தம்மா என்னய்யா சொன்னாங்க?"

"இன்னொண்ணு நிக்கிதுன்னாங்க சார்."

"நீ என்ன சொன்ன?"

"ஜோடியெல்லாம் கெடையாதுன்னேன் சார்."

"திரும்பிப் பாத்தியா?"

"இல்ல சார்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் மறந்திருப்பேன்.

பிறகு மாட்டு டாக்டர் ஒருத்தரிடம் விசாரித்தேன். நரி ஒன்றோடு சேர்ந்தால் அதோடுதான் இருக்குமாம். சேர்ந்தே இரை தேடும், சேர்ந்தே குட்டி வளர்க்கும். ஊரே பாம்புக்கு ஜோடி தேடுகிறது. ஜோடி உள்ளதை ஒருத்தர் கண்ணால் பார்த்துச் சொன்னார். அவர் வாயை நான் அடைத்தேன்.

அதிலிருந்து எங்கே போனாலும் ஒரு கேள்வி கேட்பேன். உள்ளே கிடக்கிறவரைப் பற்றி இல்லை. இவருக்கு வேண்டியவர் யார், இப்போது எங்கே நிற்கிறார். ஒரு கூரைவீடு எரியும்போது வெளியே நின்ற பெரியவர் ஒருத்தரை முதலில் பிடித்து, இரண்டு பேரை விட்டு வண்டியோடு அமுக்கி வைக்கச் சொன்னேன். என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். அவர் சம்சாரத்தை வெளியே கொண்டுவந்த பிறகும் திட்டினார். பரவாயில்லை.

இனி நான் சொல்ல வந்தது.

மூன்று வருசம் கழித்து எனக்கு மதுரைக்கு வடக்கே மாறுதல். ஆறு மாதத்தில் அதே ஆபீசரும் அங்கே வந்து சேர்ந்தார். ஒரு நாள் காலை பத்து மணிக்குக் கால். கொட்டாம்பட்டி பக்கம் ஒரு தோட்டம். அறுபது வயசு ஆள், காலை ஆறு மணிக்கு மோட்டார் போடப் போனவர், வீடு திரும்பவில்லை. கிணற்று மேட்டில் துண்டும் சைக்கிளும் இருக்கிறது. ஆள் இல்லை.

போய்ப் பார்த்தோம். பாறையை வெடி வைத்துத் தோண்டிய பெரிய கிணறு. இருபத்தைந்து அடிக்குக் கீழே தண்ணீர். பாதி வரைக்கும் கல்படி, அதற்குக் கீழே உடைந்து போயிருந்தது. மோட்டார் பைப் படிக்கு அடியில், பாறைக் குடைவுக்குள் போகிறது. படியில் நின்றால் அந்தக் குடைவு தெரியாது. எதிர்ப்பக்கம் முழுக்கச் சீமைக் கருவேல். யாரும் நிற்க முடியாது.

படிப்பக்கம் நல்ல கூட்டம். ஆள் ஆளுக்குச் சத்தம். பல பேர் படியில் இறங்கிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு ஏறியிருந்தார்கள். தண்ணீர் அசையவில்லை. நாலு மணி நேரம் ஆகிவிட்டது. உள்ளே இருப்பது பிணம் என்று எல்லாருக்கும் முடிவாகிவிட்டது. எங்களுக்கும்தான்.

காணாமல் போனவருடைய தம்பி எங்கள் ஆபீசர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், சீக்கிரம் எடுத்துருங்க சார். எங்க மதினிக்கு இன்னும் தெரியாது. அது வந்து இந்தக் கோலத்துல பாத்துச்சுன்னா தாங்காது சார். வரதுக்குள்ள எடுத்துத் தொடச்சுப் படுக்க வச்சிரணும்."

கூட்டமே அதைத்தான் சொன்னது. அந்தம்மா வருவதற்குள். அந்தம்மா வருவதற்குள்.

தண்ணீருக்கு அடியில் கிடக்கிற உடலை எடுக்கப் பாதாளக் கரண்டி போடுவோம். வாளி விழுந்தால் வீட்டில் போடுகிற அதே கொக்கிதான், எங்களிடம் இருப்பது பெரிசு. நுனி கூர்மை. கயிற்றில் கட்டிப் போட்டுத் துழாவினால் துணியிலோ சதையிலோ மாட்டும். முதலில் பைப் பக்கம்தான் துழாவுவோம். உடல் பெரும்பாலும் அங்கேதான் சிக்கியிருக்கும். ஆபீசர் கரண்டியை எடுக்கச் சொல்லிவிட்டார். ஒருத்தர் கயிறு மாட்டிக்கொண்டிருந்தார்.

நான் தம்பியிடம் கேட்டேன். "உங்க மதினி எங்க?"

"வீட்ல இருக்கும். இல்லாட்டி சந்தைக்குப் போயிருக்கும்."

"வீட்லயா, சந்தையிலயா?"

"இப்ப அதா முக்கியம்?"

"காலையில பாத்த ஆளு யாரு?"

யாரும் பார்க்கவில்லை. ஒருத்தர் வீட்டில் இருக்கும் என்றார். ஒருத்தர் ரேஷன் கடை என்றார். ஒருத்தர், அது எங்கே போகும் என்றார்.

கிணற்று மேட்டில் செருப்பு குவிந்து கிடந்தது. படியில் இறங்கினவர்கள் எல்லாம் கழற்றிப் போட்டது. நான் சத்தமாகச் சொன்னேன். "எல்லாரும் அவங்கவங்க செருப்ப மாட்டுங்க."

ஒருத்தரும் அசையவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல். "ஆளு உள்ள கெடக்காரு, இவரு செருப்ப மாட்டச் சொல்றாரு. ஃபயர் வண்டியா, செருப்புக் கடையா?"

இன்னொருத்தர், "மாப்ள, நீ வெறுங்காலோட வந்த ஆளு. அடுத்தவன் செருப்புல கால விட்றாத" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். சாவு வீட்டிலும் சிரிப்பு வரும். அதைக் கோபிக்காதீர்கள்.

ஆபீசர் என்னைப் பார்த்தார். என்னய்யா என்று கேட்கவில்லை. கூட்டத்தைப் பார்த்து, "மாட்டுங்கய்யா" என்று ஒரு அதட்டல் போட்டார்.

மாட்டினார்கள். இரண்டு ஜோடி மிச்சம் கிடந்தது. ஒன்று ஆம்பளைச் செருப்பு, தேய்ந்தது. இன்னொன்று சின்னது. ஊதா வார். இடது வாரை நைலான் நூலால் தைத்திருந்தது.

"இது யாருது?"

அந்தத் தம்பி பார்த்தார். "எங்க மதினியோடது சார்" என்றார்.

"கரண்டிய உள்ள விடாத" என்றார் ஆபீசர்.

நான் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினேன். மிதவை வளையத்தையும் எடுத்துக்கொண்டேன். தண்ணீரில் காலை வைத்துத் திரும்பி, குடைவுக்குள் பார்த்தேன்.

அந்தம்மா அங்கே இருந்தார்கள். இடது கை பைப்பைச் சுற்றி இருந்தது. வலது கை புருசன் நெஞ்சைச் சுற்றி. அவர் தலை அந்தம்மா தோளில். சேலை முந்தானையால் அவரையும் தன்னையும் பைப்போடு கட்டியிருந்தார்கள். நாலு மணி நேரம். கை உரிந்து வெள்ளையாக இருந்தது. கத்திக் கத்திக் குரல் போய்விட்டது. மேலே இருந்த சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, "இவர மொதல்ல."

நான் அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். தாடை இறுகிவிட்டது. இறந்து ரொம்ப நேரம் ஆகியிருந்தது. நான் தொடுவதை அந்தம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.  கையை எடுத்தேன்.

மேலே பார்த்துச் சத்தம் போட்டேன். "சார், ரெண்டு பேரு. வீட்டம்மா உசுரோட இருக்காங்க."

 மேலேயிருந்து ஆபீசர் குரல். "உசுரோட உள்ளவங்கள மொதல்ல அனுப்பு."

விதி அதுதான். உங்களுக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். உயிர் முதலில், உடல் அப்புறம். அதில் தப்பு எதுவும் கிடையாது.

நான் மிதவையை அந்தம்மா தலை வழியாகப் போட்டுவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்க்கப் போனேன்.

"அம்மா, மொதல்ல நீங்க வாங்க. அடுத்து இவரக் கொண்டாரேன்."

"இவர."

"அம்மா, சொன்னாக் கேளுங்க."

அந்தம்மா சத்தம் போடவில்லை. பைப்பைச் சுற்றியிருந்த கையை எடுத்தார்கள். மிதவையிலிருந்து தோளை உருவப் பார்த்தார்கள். வெறும் மிரட்டல் இல்லை. முகத்தைப் பார்த்தால் தெரியும். அவிழ்த்தேன் என்றால் இரண்டு பேரும் கீழே போவார்கள். இழுத்துப் பிடித்தால் மூன்று பேரும்.

எனக்கு உசிலம்பட்டிக் கிணற்றுச் சுவர் ஞாபகம் வந்தது. நகத் தடம்.

"சரிம்மா" என்றேன். "அவருதான் மொதல்ல."

கை மறுபடி பைப்புக்கு வந்தது.

என் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து அவருக்குக் கட்டினேன். அங்கே கயிறு கட்டப் பலமான இடம் மோட்டார் ரூம் தூண் ஒன்றுதான். ஒரு கயிறுதான் ஓடும். அவர் மேலே போய், கயிறு திரும்பி வர வேண்டும். அதுவரைக்கும் நான் பைப்பைப் பிடித்துக்கொண்டு அந்தம்மாவையும் பிடித்துக்கொண்டிருந்தேன். பாதியில் அந்தம்மாவுக்குக் கண் சொருக ஆரம்பித்தது. நான் பேச்சுக் கொடுத்தேன்.

"தோட்டத்துல என்னம்மா போட்டிருக்கீங்க?"

"கடல."

"எம்புட்டு?"

"ஒண்ணர ஏக்கரு."

"காலையில என்ன ஆச்சு?"

"காப்பியில சீனி பத்தலன்னாரு. கோவிச்சுக்கிட்டுக் குடிக்காம வந்துட்டாரு. தூக்குல ஊத்திக் கொண்டாந்தேன்."

"சீனி போட்டா?"

"போடல. பொழுதன்னைக்கும் கொறதான் சொல்லுவாரு." கொஞ்சம் நிறுத்தி, "வந்து பாக்கையில முங்கிக்கிட்டு இருந்தாரு" என்றார்கள்.

அதற்குப் பிறகு பேச்சில்லை. தலை என் கையில் சாய்ந்துவிட்டது. மூச்சு இருந்தது. கயிறு வரும்வரை அந்த மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். அது நின்றிருந்தால் இன்றைக்கு உங்களுக்கு எழுதுகிற தகுதி எனக்குக் கிடையாது. அதனால் நான் செய்தது சரி என்று யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். இது விதியும் இல்லை. அன்றைக்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மேலே வந்ததும் ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். அந்தம்மா செருப்பை நான் எடுத்து ஸ்ட்ரெச்சரில் கால்மாட்டில் வைத்தேன். காப்பித் தூக்குச்சட்டி மோட்டார் ரூம் சுவரோரம் இருந்தது. எறும்பு ஏறியிருந்தது. அத்தனை பேரில் யார் கண்ணிலும் அது படவில்லை. என் கண்ணிலும்தான்.

ஸ்டேஷனுக்கு வந்து ஆபீசர் என்னைக் கூப்பிட்டார்.

"நான் என்ன சொன்னேன்?"

"உசுர மொதல்ல அனுப்பச் சொன்னீங்க சார்."

"நீ ஏன் மாத்துன?"

"நரி சார்."

 அவர் பேனாவை எடுத்தார். "மெமோ குடுப்பேன்."

"சரி சார்."

"பதில்ல நரின்னு எழுதிறாத."

மெமோ வந்தது. பதில் எழுதினேன். அவர் கொடுத்தது சரி. இன்றைக்கும் அதில் எனக்கு வருத்தம் இல்லை.

வீட்டில் இதைச் சொன்னேன். என் சம்சாரம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தது. நிறுத்தவில்லை. "நீங்க உள்ள விழுந்தா நானும் குதிக்கணுமாக்கும்?"

"உனக்குத்தான் நீச்சல் தெரியாதே."

"அதான் கேக்குறேன்."



இரண்டு மாதம் போயிருக்கும். அந்தம்மா ஸ்டேஷனுக்கு வந்தார்கள். பஸ்ஸில் தனியாக வந்திருந்தார்கள். இடது கை இன்னும் முழுசாக மடங்கவில்லை. ஆபீசர் ரூமுக்குப் போகவில்லை. என்னைத்தான் கேட்டிருக்கிறார்கள். பெஞ்சில் உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுக் கேட்டார்கள்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். மறைக்காமச் சொல்லணும். அவரு மேல போகையில உசுரு இருந்துச்சா?"

என்னோடு இருந்தவர்கள் எழுந்து வண்டிப் பக்கம் போய்விட்டார்கள். இருந்தது என்று சொல்லலாம். சொன்னால் அந்தம்மா கொஞ்சம் லேசாகப் போவார்கள் என்று தோன்றியது. ஏற்கெனவே உசிலம்பட்டியில் ஒரு அம்மாவிடம் தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்லியிருக்கிறேன். தெரிந்ததைத் தெரியாத மாதிரிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இல்லம்மா."

"நீங்க கழுத்தத் தொட்டப்பவே?"

"அப்பவே இல்ல."

தலையை ஆட்டினார்கள். "எனக்குத் தெரியும். ஒடம்பு அதுக்கு முன்னாடியே சில்லுன்னு ஆயிருச்சு."



"அப்பறம் ஏன் அவர மொதல்ல ஏத்துனீக?"

"நீங்க சொன்னீங்கள்ல."

மிச்சத் தண்ணீரையும் குடித்தார்கள். டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்கள். "அவரு தண்ணியில தனியா கெடக்கக் கூடாதுன்னு பாத்தேன் தம்பி. வேற ஒண்ணுமில்ல" என்றார்கள். சேலையைச் சரி பண்ணிக்கொண்டு எழுந்தார்கள். "மோட்டார இப்ப நாந்தான் போடுறேன். வாரேன்."

அவ்வளவுதான் தம்பிகளா. உள்ளே பார்க்க உங்களுக்கு டார்ச் கொடுப்பார்கள். இறங்குவதற்கு முன்னால் அதை மேலேயும் ஒரு தடவை திருப்புங்கள். பாம்பு பிடிக்கப் போன வீட்டில் இன்னொன்று எங்கே என்று கேட்டால் சிரிக்காதீர்கள். ஐந்து நிமிசம் தேடிவிட்டு வாருங்கள். கிணற்று மேட்டில் செருப்பை எண்ணுங்கள்.

அன்றைக்கு அந்தம்மாவை வழியனுப்ப வாசல் வரைக்கும் போனேன். செருப்பை வெளியே கழற்றிப் போட்டிருந்தார்கள். ஊதா வார் இல்லை. தேய்ந்த ஆம்பளைச் செருப்பு. அந்தம்மா காலுக்குப் பெரிசு. மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து மெதுவாக நடந்தார்கள்.